அடுப்பு ஊதும் மூச்சு

மூச்சு விடுவதற்கு வகுப்பு நடத்தப் போவதாக ஆஸ்பத்திரி சிஸ்டர் சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பிறந்ததிலிருந்து யாரும் சொல்லிக்கொடுக்காமல் நான் ஒழுங்காகச் செய்துவருகிற ஒரே வேலை அதுதான். அதற்கும் செவ்வாய்க்கிழமை தோறும் வந்து பாய் விரித்து உட்கார வேண்டும் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? சிஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. அட்டையில் என் பெயருக்கு நேரே எதையோ எழுதிவிட்டு, "சிரிங்க, சிரிங்க. சிரிக்கதும் மூச்சுதான். அடுத்த வாரம் வாங்க" என்றார்.

இப்போது நாங்கள் கள்ளக்குறிச்சியில் குடியிருக்கிறோம். மகளின் பள்ளிக்கூடத்துக்காக மலையிலிருந்து இறங்கி வந்து மூன்று வருடமாகிறது. பேருந்து நிலையத்தில் மலை பஸ் வந்து நின்றால், அதிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குகிற பெண்களை நின்று பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. படியில் ஒரு கால் வைத்ததும் அவர்கள் ஒரு பெருமூச்சு விடுவார்கள். அதைக் கேட்டால் எனக்கு மலைமேல் இருக்கும் கரியாலூர் ஆஸ்பத்திரியின் அந்தப் பின்கூடம் ஞாபகம் வந்துவிடும். ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வரும். சிமென்ட் தரை ஜில்லென்று இருக்கும். ஏழு பிள்ளைத்தாச்சிகள் ஏழு பாயில் உட்கார்ந்து புஸ்ஸு புஸ்ஸென்று ஊதிக்கொண்டிருப்போம். அந்த ஒன்பது செவ்வாய்க்கிழமைகளைத் திருப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் செருப்புகூடப் போடாமல் ஓடுவேன்.

அப்போது அப்படி நினைக்கவில்லை. அப்போது பயம்தான். எனக்கு அது இரண்டாவது பிரசவம். முதலாவது தங்கவில்லை.

அது அதற்கு மூன்று வருடம் முன்பு, ஐப்பசி மழையில் நடந்தது. மலைப்பாதையில் மரம் விழுந்து ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. எனக்கு அம்மா இல்லை, மாமியாரும் இல்லை. பக்கத்து வீட்டில் இருந்த அண்ணிதான் ஓடிவந்தார். அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. மூன்று பெற்றவர், மூன்றையும் வீட்டிலேயே பெற்றவர். வலி ஆரம்பித்த நிமிடத்திலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "தம் கட்டு. தம் கட்டி முக்கு. வுடாத, வுடாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கள் பக்கம் பிரசவம் என்றால் அதுதான் மந்திரம். நானும் கட்டினேன். கண்ணில் பூச்சி பறக்கும் வரை கட்டினேன். முடியாதபோது கத்தினேன். விடிந்து வெகுநேரம் கழித்துப் பிள்ளை பிறந்தது. அழவில்லை.

பெண் குழந்தை என்று மட்டும் சொன்னார்கள். அப்படிப் பிறந்த பிள்ளையின் முகத்தைத் தாய் பார்க்கக்கூடாது, பார்த்தால் அடுத்ததும் தங்காது என்பது எங்கள் வழக்கம். அண்ணிதான் கழுவி, துணியில் சுற்றி, முதுகைக் காட்டிக்கொண்டே வெளியே எடுத்துப் போனார். நான் அந்த முதுகைத்தான் பார்த்தேன்.

நாலு நாள் கழித்துத் துக்கம் விசாரிக்க வந்த பெண்களிடம் வாசலில் உட்கார்ந்து அண்ணி பேசிக்கொண்டிருந்தது உள்ளே படுத்திருந்த என் காதில் விழுந்தது. "அவளுக்குத் தம் கட்டத் தெரியல. கத்திக் கத்தி மூச்சயெல்லாம் வெளிய வுட்டுட்டா. புள்ளைக்கு இன்னா மிச்சம் இருக்கும்?" என்றார்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். அன்று அது இறங்கி நெஞ்சுக்குள் போய்விட்டது. எழுந்து நடக்க முடிந்த முதல் வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றினேன். என் வீட்டுக்காரர் கெஞ்சக் கெஞ்சக் கேட்காமல், இனி அந்த மனுஷியோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். எங்கள் ஊரில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தால் செய்ததுதான். அண்ணன் தம்பிகளே அப்படி இருபது வருடம் பேசாமல் ஒரே கிணற்றில் தண்ணீர் சேந்துவார்கள். நானும் மூன்று வருடம் பேசவில்லை. அவர் வீட்டுச் சுவரும் என் வீட்டுச் சுவரும் ஒன்றுதான். அவர் இருமினால் எனக்குக் கேட்கும், நான் குழம்பு தாளித்தால் அவருக்குத் தும்மல் வரும்.

வெளியே கோபமாக இருந்தேனே தவிர, உள்ளுக்குள் அவர் சொன்னதை நம்பினேன். அதுதான் உண்மை. என் மூச்சு போதாமல்தான் அந்தப் பிள்ளை போயிற்று என்று நம்பினேன். இரண்டாவது முறை வயிற்றில் தங்கியதும் எனக்கு இருந்த ஒரே கேள்வி, இந்தத் தடவையாவது எனக்கு மூச்சுப் போதுமா என்பதுதான். சிஸ்டர் வகுப்பு என்றதும் சிரித்தேன் அல்லவா, அந்தச் சிரிப்புக்குள் இருந்தது இதுதான்.

சிஸ்டர் தெற்கே திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மலைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. முதல் வகுப்பிலேயே ஒரு கலாட்டா. "எல்லாரும் கண்ணை மூடிக்கிடுங்க. மூக்கு வழியா உள்ள இழுங்க. இப்போ மூச்சை மெதுவா விட்டுருங்க" என்றார். ஒரு பாயிலும் அசைவில்லை. ஏழு பேரும் கண்ணைத் திறந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசிப் பாயில் இருந்த பெண், "சிஸ்டர், இன்னா இப்பிடி சொல்றீங்க? மூச்ச வுட்டுட்டா செத்துட்டானு அர்த்தம்" என்றாள். சிஸ்டர் ஒரு நிமிடம் விழித்துவிட்டு, தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் 'விட்டுருங்க' கிடையாது, 'ஊதுங்க'தான்.

ஊதுவதில் இத்தனை வகை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வலி தொடங்கும்போது மூக்கால் மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் வாயால் ஊத வேண்டும். தோள் மேலே ஏறக்கூடாது. பல்லைக் கடிக்கக்கூடாது. "வாய இறுக்குனா கீழயும் இறுக்கிரும்" என்று சிஸ்டர் சொன்னதும் கூடமே குலுங்கியது. ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் வேறு எதையும் நினைக்காமல் சும்மா கிடக்க வேண்டும். அதுதான் எனக்கு வராது. சும்மா கிடப்பது என் சுபாவத்திலேயே இல்லை.

பிரசவத்தின்போது கூட இருக்கப் போகிறவரையும் வகுப்புக்கு அழைத்து வரச் சொல்லியிருந்தார். நான் என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போனேன். அவர் எதைச் செய்தாலும் முழுமூச்சாகச் செய்கிறவர். எனக்குச் சொன்னதை அவர் இரண்டு மடங்கு வேகத்தில் செய்தார். ஐந்து நிமிடத்தில், "கை மரத்துப் போவுது, கண்ணு இருட்டுது" என்று சொல்லி மருந்து அலமாரி மேல் சாய்ந்துவிட்டார். பிள்ளைத்தாச்சிகள் எழுந்து அவருக்குத் தண்ணீர் தெளித்தோம். "வேகமா ஊதுனா இப்படித்தான் கிறங்கும். பாத்துக்கிட்டீங்களா எல்லாரும்?" என்று சிஸ்டர் அவரையே பாடமாக்கிவிட்டார். பிறகு என்னிடம், பிரசவ அறைக்குள் ஆம்பளையை விடமாட்டார்கள், பிள்ளை பெற்ற ஒரு பொம்பளை வேண்டும் என்றார்.

எனக்கு யாரும் இல்லை என்று சொன்னேன். என் வீட்டுக்காரர் தண்ணீர் சொட்டச் சொட்ட, "எங்க அக்கா இருக்குது சிஸ்டர்" என்றார். வீடு வரும் வரை நான் அவரோடும் பேசவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் செருப்புச் சத்தம். திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியும். இருபது அடி இடைவெளி விட்டு அண்ணி வந்துகொண்டிருந்தார். சாமைக் கொல்லை தாண்டி ஓடை இறக்கம் வந்தபோது, நான் பாசி படிந்த கல்லில் கால் வைக்கப் போனேன். பின்னாலிருந்து குரல் வந்தது. "டேய், உள்ள இருக்கறவனே. உங்கம்மாவ அந்தக் கல்லுமேல கால வெக்க வேணாம்னு சொல்லு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சத்தியம் அவரோடு பேசமாட்டேன் என்பதுதான். வயிற்றோடு பேசக்கூடாது என்று இல்லை. நானும் குனிந்து என் வயிற்றைப் பார்த்துச் சொன்னேன். "உங்க அத்தகிட்ட சொல்லு, எனக்கும் ரெண்டு கண்ணு இருக்குதுன்னு." சொல்லிவிட்டுக் கல்லைச் சுற்றிக்கொண்டு போனேன்.

அப்படி ஆரம்பித்தது. மூன்று வருடமாகப் பேசாதவர்கள், பிறக்காத பிள்ளையை நடுவில் நிறுத்தி ஊர்க் கதையெல்லாம் பேசினோம். 'உங்கம்மா காலையில சாப்புட்டாளான்னு கேளு.' 'ஒரு களி உருண்டை முழுங்கினேன்னு சொல்லு.' 'ஒண்ணு எப்பிடிப் போதும்னு கேளு.' வழியில் எங்களைப் பார்த்தவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

வகுப்பில் அண்ணி முதல் நாளே சிஸ்டரோடு சண்டைக்குப் போய்விட்டார். "தம் கட்டாம எப்பிடிப் புள்ள பொறக்கும்? நான் மூணு பெத்தவ. சும்மா ஊதிக்கினே இருந்தா அது பாட்டுக்கு வந்து வுழுந்துடுமா?" என்றார். சிஸ்டர் அவரைக் கூடத்தின் கதவுக்குக் கூட்டிப்போய், தாழ்ப்பாளைப் போட்டு, "தள்ளுங்க" என்றார். அண்ணி தள்ளினார். "நல்லா தம் கட்டித் தள்ளுங்க." தள்ளினார். "தெறக்குதா? உங்களுக்குத்தான் மூச்சு வாங்குது. தாழ்ப்பா தெறக்கதுக்கு முன்னாடி எவ்வளவு தள்ளுனாலும் இப்படித்தான். தாயும் ஓஞ்சு போவா, பிள்ளையும் ஓஞ்சு போவும். தெறக்குற வரைக்கும் ஊதணும். தெறந்த பெறவுதான் தம் கட்டணும்" என்றார்.

அண்ணி கதவைப் பிடித்தபடி நின்றார். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற மனுஷி, அன்று திரும்பி வரும் வழி முழுக்க வாய் திறக்கவில்லை. ஓடை வந்தது, பாசிக் கல் வந்தது. வயிற்றுப் பிள்ளைக்கும் ஒரு சேதியும் வரவில்லை. அவருக்கு என்ன உறைத்தது என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததும் எனக்கு உள்ளே சந்தோஷமாக இருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் இருந்தது. நன்றாகப் படட்டும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்து இரண்டு உருண்டை களி சாப்பிட்டேன்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்தான். அடுத்த வகுப்பில் சிஸ்டர் ஒரு மெழுகுவத்தி கொண்டுவந்தார். தாழ்ப்பாள் திறக்கும் முன்பே முக்க வேண்டும் போலத் தோன்றும். அப்போது முக்கிவிடாமல் இருக்கச் சின்னச் சின்னதாக ஊத வேண்டும். சுடர் ஆட வேண்டும், அணையக்கூடாது. அதுதான் அளவு என்றார். நல்ல யோசனைதான். ஆனால் விளக்கை வாயால் ஊதுவது எங்கள் வீடுகளில் ஆகாது. பூவால் அமர்த்துவோம், இல்லையென்றால் திரியை எண்ணெய்க்குள் இழுப்போம். அதிலும் வயிற்றுப்பிள்ளைக்காரி ஊதுவதா? ஆறு பேர் பின்னால் நகர்ந்துகொண்டார்கள். "மெழுகுவத்திதான, சாமி விளக்கா?" என்று சிஸ்டர் கெஞ்சினார். எனக்குத்தான் வீம்பு ஜாஸ்தி. நான் ஊதுகிறேன் என்று முன்னால் போனேன்.

முதல் ஊதலிலேயே சுடர் போய்விட்டது. திரியிலிருந்து புகை நூலாக மேலே போனது. கூடமே என்னைப் பார்த்தது. எல்லாருக்கும் என் கதை தெரியும். கற்பூரத்தைக் கையால் அணைத்தேன், இதை வாயால் அணைத்துவிட்டேன், இனி எனக்கு எது மிஞ்சும் என்று அந்த நிமிடம் தோன்றியது. பாயைச் சுருட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன். இனி இந்த வகுப்பே வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

அன்று அண்ணி இருபது அடி பின்னால் வரவில்லை. பக்கத்திலேயே நடந்தார். ஓடைக்கு இந்தப் பக்கம் நான் மூச்சு வாங்கி ஒரு பாறையில் உட்கார்ந்தபோது, அவரும் உட்கார்ந்து என் வயிற்றுக்கு நேராகக் குனிந்தார். "டேய், உங்கம்மாகிட்ட சொல்லு. அந்தச் சிஸ்டருக்கு காஸ் அடுப்புதான் தெரியும். மெழுகுவத்திய வுட்டுத்தள்ளச் சொல்லு. நாம தெனமும் ஊதறது இன்னா? அடுப்புதான? ஈர வெறகுல நெருப்பு பிடிக்க ஊதறோம் இல்ல, மெதுவா, வுட்டு வுட்டு? அதே மூச்சுதான்டா. அணைக்கறதுக்கு ஊதல, எரியறதுக்கு ஊதறோம். உங்கம்மாவுக்கு அது நல்லாவே வரும்னு சொல்லு."

நான் வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினேன். மழை ஈரம் ஏறிய விறகு. குனிய முடியாமல் மணை போட்டு உட்கார்ந்து, ஊதாங்குழல் எடுக்காமல் வாயாலேயே ஊதினேன். சின்னதாக, விட்டு விட்டு. சிஸ்டர் சொன்ன அதே மூச்சு. புகை கண்ணில் ஏறியது. ஒரு பக்கத்தில் சிவந்தது, பிறகு பிடித்துக்கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணியும் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தது கேட்டது. அவர் ஊத, நான் ஊத, கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டன. அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான் சோறு பொங்கினோம். நான் ஏங்குகிற நாட்கள் என்று சொன்னேனே, அவை இவைதான்.

அடுத்த வாரம் நானும் வகுப்புக்குப் போனேன். சிஸ்டரிடம் அண்ணி அடுப்பு விஷயத்தைச் சொன்னார். சிஸ்டர் மெழுகுவத்தியைத் தூக்கி மேசைக்குள் போட்டுவிட்டு, "எல்லாரும் அடுப்பு ஊதுங்க" என்றார். ஏழு பேரும் ஊதினோம்.

முதல் பிரசவம் அப்படி ஆனதால் என்னைப் பத்து நாள் முன்னதாகவே கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க ஏற்பாடு செய்திருந்தார்கள். துணிமணி கட்டி வைத்தாகிவிட்டது. போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலையில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது வலி பிடித்தது. இந்த முறை மழையில்லை, பாதையில் மரமும் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. சிஸ்டரும் ஏறிக்கொண்டார், எதிரே அண்ணி. என் வீட்டுக்காரர் முன்னால் டிரைவர் பக்கத்தில். அவருக்கு மூச்சு விடக்கூடத் தடை போட்டிருந்தோம்.

மலையிறக்கம் முழுக்க வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஒரு பக்கம் சாயும், நான் ஒரு பக்கம் சாய்வேன். பாதி இறக்கத்தில் வலிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வர ஆரம்பித்தன. சும்மா கிடக்க வேண்டிய நடுநேரமே இல்லை. திடீரென்று உடம்பு தானாகவே முக்கத் தொடங்கியது. நான் செய்யவில்லை, அதுவே செய்தது. சிஸ்டர் பார்த்துவிட்டு, "இன்னும் தெறக்கல. முக்கிராதீங்க. ஊதுங்க" என்றார்.

சொல்வது சுலபம். எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. பழைய மழையும் பழைய வலியும் 'வுடாத, வுடாத' என்ற குரலும் மட்டும்தான் தலைக்குள் இருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சைப் பிடித்துவிட்டேன். போயிற்று, இதுவும் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அண்ணி இருக்கையை விட்டு இறங்கி வண்டித் தரையில் மண்டி போட்டார். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினார். ஊதினார். அடுப்படியில் ஊதுவது போலவே உதட்டைக் குவித்து, விட்டு விட்டு. அவர் மூச்சு என் முகத்தில் பட்டது. வெற்றிலை வாசனை அடித்தது. நான் ஒரு முறை ஊதினேன். பிறகு இன்னொரு முறை. வளைவில் வண்டி சாய்ந்தபோது அவர் தலை இடித்துக்கொண்டது, கையை எடுக்கவில்லை. "டேய், அவசரப்படாதடா. உங்கம்மா நல்லா ஊதறா. அடுப்பு பிடிச்சிக்கிச்சு. இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று மூச்சுக்கு நடுவில் சொல்லிக்கொண்டே வந்தார். கச்சிராயபாளையம் வந்து தரை சமமானபோது, இரண்டு பேருக்கும் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

கள்ளக்குறிச்சியில் என்னை நேராகப் பிரசவ அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். துணைக்கு அண்ணி. அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ, எனக்குக் கணக்கில்லை. அங்கே இருந்த டாக்டரம்மா நிமிர்ந்து, "முழுசா திறந்துடுச்சு. அடுத்த வலி வரும்போது தம் கட்டி முக்கச் சொல்லுங்கம்மா" என்று அண்ணியிடம் சொன்னார்.

அண்ணி வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பிள்ளை பெற்று, எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் நின்று ஓயாமல் சொன்ன அந்த ஒரு வார்த்தையை அன்று அவரால் சொல்ல முடியவில்லை. வலி வந்தது. அவர் சொல்லாமலே மூச்சை உள்ளே இழுத்து, கன்னம் உப்ப, கண் பிதுங்கத் தம் கட்டினார். அவரைப் பார்த்து நானும் கட்டினேன். மூன்று முறை. மூன்றாவது முறை பிள்ளை வந்துவிட்டது. வந்த கையோடு அழுதது. அப்படி ஒரு அழுகை. வாரக்கணக்கில் 'டேய், டேய்' என்று கூப்பிட்டதற்குச் சண்டைக்கு வந்தவள் போல அழுதாள். பெண் குழந்தை.

மத்தியானம் வார்டுக்கு மாற்றினார்கள். பிள்ளை என் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் வெந்நீர் வாங்கப் போயிருந்தார். மலைக்குத் திரும்பும் முன் சொல்லிக்கொண்டு போக சிஸ்டர் வந்தார். பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பியவரை அண்ணி கட்டில் காலருகே நிறுத்தினார். நான் தூங்குவதாக நினைத்திருக்க வேண்டும்.

"சிஸ்டர், எங்க ஊர்ல ஒருத்தி. வலி எடுத்த ஒடனே ராத்திரி பூரா தம் கட்டச் சொல்லிட்டாங்க. தெறக்குதா இல்லியான்னு பாக்கல, பாக்கத் தெரியாது. புள்ள அழாம பொறந்துச்சு. அப்பிடிச் சொன்னதாலதான் போச்சா?" குரல் கம்மியிருந்தது. "சொன்னவ பாவந்தானா அது?"

சிஸ்டருக்குப் புரிந்துவிட்டது. "அதுக்கு நூறு காரணம் இருக்கலாம்மா. கொடி சுத்தியிருக்கலாம். வயித்துக்குள்ளயே முன்னாடியே ஏதாவது ஆயிருக்கலாம். இப்போ யாராலயும் சொல்ல முடியாது. கூட நின்னவங்களும் காப்பாத்தணும்னுதான நின்னாங்க? பெத்தவளும் குத்தவாளி இல்ல, கூட நின்னவளும் இல்ல" என்றார். அண்ணியின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மறுபடியும் அந்த முதுகுதான் எனக்குத் தெரிந்தது. மூன்று வருடமாக அவர் வாயால் இதைக் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். கேட்டால் நெஞ்சு குளிரும் என்று நினைத்திருந்தேன். குளிரவில்லை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது எனக்கு வேறொன்று உறைத்தது. என் முதல் பிள்ளையின் முகத்தை இந்த உலகத்தில் நன்றாகப் பார்த்தது இவர் ஒருத்தர்தான். அதைக் கேட்க முடிந்த ஒரே ஆளோடு பேசமாட்டேன் என்று கற்பூரம் அடித்திருக்கிறேன்.

"அண்ணி" என்றேன்.

திரும்பவில்லை. தன்னைக் கூப்பிடுவதாக அவருக்குத் தோன்றியிருக்காது.

"அண்ணி, உங்களத்தான். இங்க வாங்க."

வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கட்டிலில் உட்காரச் சொன்னேன். பிள்ளையின் தலைத்துணியை விலக்கிக் காட்டினேன்.

"அவ எப்பிடி இருந்தா, அண்ணி?"

அண்ணி பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் குனிந்து, இந்த முறை வயிற்றுக்கு இல்லை, என் காதுக்கே சொன்னார். "முடி ஜாஸ்திம்மா. காதுவரைக்கும் இருந்துச்சு. செவப்பா இருந்தா. மூக்கு உன் மூக்கு."

"அப்புறம்?" என்றேன்.